பாட்டுக்குக் கணக்கு எழுதுபவர்கள்

செகிஞ்சானில் அறுவடை முடிந்திருந்த நேரம். வயலில் வைக்கோல் புகைந்துகொண்டிருந்தது. தஞ்சோங் காராங்கிலிருந்து மோட்டாரில் வந்த மாமா, தே ஓவை ஆற விட்டுவிட்டுக் கைப்பேசியை என் பக்கம் நகர்த்தினார். மாமா என்றால் இரத்த உறவு இல்லை. அப்பாவும் அவரும் ஒரே தோட்டத்தில், அடுத்தடுத்த லயத்தில் வளர்ந்தவர்கள்.

"இந்தக் கொரலு யாருன்னு தெரியுதா?"

தெரியாமல் என்ன. சின்ன வயதில் திருவிழாவுக்குத் திருவிழா கேட்ட குரல். உருமி பின்னால் உறும, நெஞ்சிலிருந்து எடுத்துப் பாடுவார்.

"உங்க கொரலுதான் மாமா. யாரு போட்டா?"

"அதான் எனக்கும் தெரியல. எத்தன பேரு கேட்டுருக்கான்னு பாரு."

எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது.

"இதுக்கெல்லாம் காசு வருமாமே? யாருக்குப் போவுது?"

சில வருடங்களாக நண்பர்களின் பாடல்களுக்குப் பாரம் நிரப்பிக் கொடுக்கும் வேலையை நான் செய்துவருகிறேன். சம்பளமில்லாத கிராணி வேலை. அதனால் என்னிடம் பதில் இருக்கும் என்று மாமா நம்பினார். பதில் இருந்தது, ஆனால் ஒரு தே ஓ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அன்றைக்கு அவரிடம் பாதிதான் சொன்னேன். மீதியும் சேர்ந்ததுதான் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டில் 'சுயாதீன இசை' என்று பேசும்போது அது சினிமா இசைக்கு எதிரான ஒரு நிலைப்பாடு. மலேசியத் தமிழனுக்கு எதிர்த்து நிற்கப் பெரிய சினிமாவே கிடையாது. இங்கே பாட்டு போட்ட எல்லாரும் ஆரம்பத்திலிருந்தே சுயாதீனக் கலைஞர்கள்தான். அது கொள்கையால் வந்ததல்ல, வேறு வழியில்லாமல் வந்தது. மாமாவும் அவருடைய கூட்டாளிகள் நால்வரும் 2003இல் கைக்காசைச் சேர்த்து ஒரு குறுந்தட்டு போட்டார்கள். ஸ்டூடியோ வாடகை, அட்டை அச்சு எல்லாம் அவர்கள் செலவு. விற்றுக் கொடுக்கிறேன் என்று வாங்கிப்போனவர் ஒரு முறை கொஞ்சம் பணம் கொடுத்தார். எதிலோ கையெழுத்து வாங்கினார். அதன் நகல் மாமாவிடம் இல்லை. இப்படி நகல் இல்லாத கையெழுத்துகளால் ஆனதுதான் நம்முடைய இசை வரலாற்றின் பெரும்பகுதி.

பாட்டுக்குக் காசு கேட்பது என்ற பழக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில்தான் ஆரம்பித்தது. 1847இல் பாரிஸில், எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர் நண்பர்களோடு ஒரு காஃபேக்குப் போகிறார். மேடையில் அவருடைய பாட்டையே பாடுகிறார்கள். சர்க்கரைத் தண்ணீருக்குப் பில் வருகிறது. 'என் பாட்டைப் பாடி நீ வியாபாரம் பண்ணுகிறாய், அதற்கு நீ காசு தரவில்லை, உன் தண்ணீருக்கு நான் ஏன் தர வேண்டும்' என்பது அவர் வாதம். விஷயம் நீதிமன்றம் போய் அவர் பக்கம் தீர்ப்பானது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக 1851இல் சாசெம் என்ற அமைப்பு பிறந்தது. கடை கடையாகப் போய்ப் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பணம் வசூலிக்கும் உலகின் முதல் பெரிய சங்கம் அது.

பாடலாசிரியருக்கு ஆயிற்று. பாடினவர்? அவர் கதை இன்னும் எண்பது வருடம் காத்திருந்தது. இசைத்தட்டு வரும்வரை பாடுகிறவன் ஆளோடு வந்து பாடிக் கூலி வாங்கிப் போனான். தட்டு வந்த பிறகு ஆள் வேண்டாம், குரல் போதும். கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பெர்க் 1903இல் தன் கிழக்குப் பயணத்தில் சிங்கப்பூரிலும் பதிவு செய்தார். மலாயா மண்ணின் குரல்கள் மெழுகில் ஏறத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான். அக்காலப் பதிவுகளில் பாடியவருக்குப் பொதுவாகக் கையில் ஒரு தொகை, அத்தோடு சரி. தட்டு எத்தனை விற்றாலும், எத்தனை கடையில் சுற்றினாலும் அவருக்கு அதில் பங்கில்லை.

1930களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஸ்டீபன் கார்வர்டைன் என்ற நிறுவனத்தின் தேநீர்க் கடையில் தட்டு போட்டு வாடிக்கையாளருக்குக் கேட்க வைத்தார்கள். கிராமபோன் கம்பெனி வழக்குப் போட்டது. காசு கொடுத்து வாங்கிய தட்டை என் கடையில் சுழல விடுவதற்கு மறுபடியும் ஏன் காசு என்பது கடைக்காரர் கேள்வி. நம்ம ஊர் ஒட்டுக்கடைக்காரர் இன்றைக்கும் அதே கேள்வியைத்தான் கேட்பார். நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. உடனே 1934இல் பதிவு நிறுவனங்கள் சேர்ந்து பிபிஎல் என்ற வசூல் அமைப்பை உண்டாக்கின.

இந்த இரண்டு கடைகளிலிருந்து இரண்டு உரிமைகள் வந்தன. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் நம் ஆட்கள் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்று பாட்டின் உரிமை: மெட்டும் வரியும். மற்றது பதிவின் உரிமை: அந்தக் குறிப்பிட்ட நாளில், அந்தக் குறிப்பிட்ட தொண்டையிலிருந்து வந்து நாடாவில் ஏறிய ஒலி. 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாட்டை எடுத்துக்கொள்ளலாம். மெட்டு இளையராஜா, வரி வாலி, குரல் எஸ்.பி.பி. 2006இல் நம்முடைய யோகி பி & நட்சத்ரா அதை 'வல்லவன்' தொகுப்பில் ராப்பாக மாற்றினார்கள். கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் அந்தப் பாட்டு ஒலிக்காத கார் கிடையாது. இப்போது அந்தப் புதுப் பாட்டு எங்காவது ஒலித்தால், பாட்டின் உரிமை என்ற கணக்கில் பழைய மெட்டும் வரியும் வந்து நிற்கும். பதிவின் உரிமை என்ற கணக்கில் 2006இல் மைக்கின் முன்னால் நின்றவர்களும் அவர்களுக்காகப் பதிவு செய்தவரும் நிற்பார்கள். ஒரே பாட்டு, இரண்டு கணக்குப் புத்தகம்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். "நம்ம தோட்டத்துல மரம் கம்பெனிது, வெட்டுறது நாம. அதான?" அப்படியேதான் என்று சொல்ல முடியாது. ஆனால் அதைவிட நல்ல விளக்கம் என்னிடமும் இல்லை.

மலேசியாவில் பாட்டின் உரிமைக்குச் சட்டம் முன்பே இருந்தது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலத்தில்தான் பி. ரம்லி 1973இல் கையில் காசில்லாமல் இறந்துபோனார். நாடு முழுக்க அவர் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. இப்போது நடப்பில் இருப்பது 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். அதற்குப் பிறகுதான் வசூல் அமைப்புகள் முளைத்தன. பாடலாசிரியர், இசையமைப்பாளர்களுக்கு 1989இல் மாக்ப் வந்தது. பதிவு நிறுவனங்களுக்குப் பிபிஎம். பாடினவர், வாசித்தவர்? அவர்களைச் சட்டம் 'நிகழ்த்துநர்' என்று பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டது 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். அப்போது சேர்ந்த 16பி பிரிவு சொல்வது, சுருக்கமாக: வணிகத்துக்காக வெளியான ஒரு பதிவு பொது இடத்திலோ ஒலிபரப்பிலோ பொதுமக்களுக்குச் சென்று சேரும்போது, அதைப் பயன்படுத்துகிறவர் நிகழ்த்துநருக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும்.

அந்தத் திருத்தம் வந்து மூன்று வருடம் கழித்துத்தான் மாமா தட்டு போட்டார். கையெழுத்து வாங்கிப்போனவர் இந்தப் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

நிகழ்த்துநர்களுக்கு முதலில் பிரிஸ்ம், அப்புறம் ஆர்பிஎம் என்று அமைப்புகள் வந்தன. 2012 திருத்தத்தில் இந்த வசூல் அமைப்புகளை அரசு தன் கண்காணிப்பில் கொண்டுவந்தது. அதே ஆண்டு மலேசியா நிகழ்த்துநருக்கும் பதிவுக்குமான 1996ஆம் ஆண்டு உலக ஒப்பந்தத்தில் சேர்ந்தது. இந்தியா அதில் சேர 2018 ஆனது. ஒரு கட்டத்தில் எல்லா அமைப்புக்கும் ஒரே கௌண்டர் என்று எம்ஆர்எம்மைத் தொடங்கிப் பார்த்தார்கள், அது நிலைக்கவில்லை. 2022இல் மறுபடியும் சட்டம் திருத்தப்பட்டுக் கூட்டு மேலாண்மை அமைப்பு என்று புதுப் பெயர் வைத்தார்கள். இந்தப் பெயர்ப்பலகை மாற்றங்களை எல்லாம் வரிசையாக எழுதினால் வாசிக்கிறவர்கள் தூங்கிவிடுவீர்கள். தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். எந்த அமைப்பும் நம் வீடு தேடி வராது. சேர்ந்தவருக்குத்தான் பங்கு.

கணக்கு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் இன்னொன்று தெரியும். வானொலி, பேரங்காடி, ஹோட்டல், கேடிவி என்று எல்லாரிடமும் உரிமத் தொகையை மொத்தமாக வாங்குகிறார்கள். யார் பாட்டு எத்தனை முறை ஒலித்தது என்ற பட்டியலை வைத்து அதைப் பிரிக்கிறார்கள். நம் நாட்டுத் தமிழ் வானொலிகளில் அதிகமாக ஒலிப்பது தமிழ்நாட்டுச் சினிமாப் பாட்டு. ஆகவே பட்டியலின் நீளமான பகுதி கடல் கடந்து போகும். உள்ளூர்ப் பாட்டுக்கு ஒதுக்கப்படும் அரைமணி நேரம், ஒரு மணி நேரத்துக்காக மின்னல் எஃப்எம்மிலும் ராகாவிலும் நம் பாடகர்கள் ஏன் இத்தனை மன்றாடுகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. புகழுக்காக மட்டுமல்ல. பட்டியலில் பெயர் ஏற வேண்டுமே.

சிறுவயதில் பால் கொட்டாயில் நின்று பார்த்திருக்கிறேன். அம்மா காண்டாக் கட்டையில் இரண்டு வாளிப் பாலைக் கொண்டுவந்து இறக்குவாள். கிராணி நிறுத்து எடை சொல்வார். அதற்கப்புறம் ஒரு கண்ணாடிக் குழாயைப் பாலுக்குள் மிதக்கவிட்டு ஏதோ பார்ப்பார். அதுதான் மெட்ரோலேக். பாலில் தண்ணீர் எவ்வளவு, காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று காட்டும் கருவி. நூறு கிலோ பாலில் முப்பது கிலோ அளவுக்குத்தான் ரப்பர் இருக்கும். மழை பெய்தால் இன்னும் குறையும். கூலி அந்தக் காய்ந்த எடைக்கு. குழாயைப் படிக்கத் தெரிந்தவர் கிராணி மட்டும். அம்மா ஒரு நாள்கூட அவர் சொன்ன எண்ணை மறுத்துப் பேசியதில்லை. வீட்டுக்கு வந்துதான் திட்டுவாள்.

இணைய ராயல்டி அறிக்கையை முதன்முதலாகத் திறந்து பார்த்தபோது எனக்கு அந்தக் கண்ணாடிக் குழாய்தான் ஞாபகம் வந்தது.

இணையத்தில் ஒலிக்கும் பாட்டுக்கு நிகழ்த்துநர் பங்கு என்பதை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர்கள் அமெரிக்கர்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அமெரிக்காவில் சாதாரண வானொலி இன்றுவரை பாடகருக்கு ஒரு காசு தருவதில்லை. பாட்டை ஒலிபரப்புவதே விளம்பரம், அதனால் தட்டு விற்கும், அப்புறம் எதற்குக் காசு என்று வானொலி முதலாளிகள் பல பத்தாண்டுகளாக நாடாளுமன்றத்தைச் சம்மதிக்க வைத்திருக்கிறார்கள். ஆனால் 1995இல் இணையம் அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்ததால், எண்ணிம வழியில் ஒலிக்கும் பதிவுகளுக்கு மட்டும் ஒரு தனி உரிமையை எழுதிவிட்டார்கள். 1998இல் அது விரிந்தது. அந்தப் பணத்தை வசூலிக்க 2000இல் பதிவு நிறுவனங்களின் சங்கத்துக்குள் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் தொடங்கி, 2003இல் தனி அமைப்பானது.

அதன் பங்கீடுதான் முக்கியம். வருகிற தொகையில் 50 விழுக்காடு பதிவின் உரிமையாளருக்கு, 45 விழுக்காடு முதன்மைக் கலைஞருக்கு, 5 விழுக்காடு பின்னணியில் வாசித்த, பாடிய மற்றவர்களுக்கான நிதிக்கு. கலைஞரின் 45ஐ நிறுவனத்திடம் கொடுத்து வாங்கச் சொல்லவில்லை. நேராகக் கலைஞர் கைக்கு. நிறுவனம் அவருக்கு முன்பணம் கொடுத்திருந்தாலும், கடன் பாக்கி என்று சொன்னாலும், இதில் பிடித்துக்கொள்ள முடியாது. இசைத் தொழிலின் வரலாற்றில் இதைப் போன்ற ஒரு வாசகம் அபூர்வம். லதா மங்கேஷ்கர் 1960களின் தொடக்கத்தில் பாடகருக்கும் ராயல்டி வேண்டும் என்று கேட்டு, முகமது ரஃபி அதற்கு உடன்படாமல், இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்தே பாடாமல் இருந்தார்கள். அவ்வளவு பெரிய குரலுக்கே கேட்டு வாங்க வேண்டியிருந்த விஷயம். இந்தியச் சட்டம் ஜாவேத் அக்தர் போன்றவர்களின் வாதாட்டத்துக்குப் பிறகு 2012இல் திருத்தப்பட்டு, அடுத்த வருடம் பாடகர்களுக்கென்று இஸ்ரா தோன்றியது.

ஆனால் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் வசூலிப்பது எல்லாவற்றுக்கும் அல்ல. வானொலி மாதிரி, அடுத்து எந்தப் பாட்டு வரும் என்று கேட்பவர் தேர்ந்தெடுக்க முடியாத சேவைகளுக்கு மட்டும்: பண்டோரா, சிரியஸ் எக்ஸ்எம், இணைய வானொலிகள். ஸ்போட்டிஃபையில் நாமே பாட்டைத் தேடிப் போட்டுக் கேட்பது வேறு கதை. அங்கே பணம் பதிவைச் சமர்ப்பித்தவருக்குப் போகும். பாடினவருக்கு எவ்வளவு என்பது அவர்கள் இருவருக்கும் இடையில் உள்ள ஒப்பந்தம். யூடியூபும் அப்படித்தான்: இந்தப் பதிவு என்னுடையது என்று யார் சொல்லி வைத்திருக்கிறாரோ அவருக்கு. மாமாவின் எண்பதாயிரம் விழுந்தது இந்த மூன்றாவது வாளியில்.

வேறு வாளியில் விழுந்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று விளையாட்டுக்குக் கணக்குப் போட்டோம். 2021இல் அமெரிக்காவில் விளம்பரத்தோடு ஓடும் இணைய வானொலிக்கு விதிக்கப்பட்ட கட்டணம் ஒருவர் ஒரு பாட்டை ஒரு முறை கேட்பதற்கு 0.0021 டாலர். எண்பதாயிரம் முறைக்கு 168 டாலர். அதில் 45 விழுக்காடு எழுபத்தைந்து டாலர் சொச்சம். ஐந்து பேர் கூட்டு என்றால் ஆளுக்குப் பதினைந்து டாலர்.

"அம்புட்டுத்தானா?" என்றார் மாமா.

"அம்புட்டுத்தான் மாமா."

"அம்புட்டா இருந்தாலும் அது என்னுதுதான?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

பணம் சின்னது. அதை வாங்கும் வழியோ நீளமானது. ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்ற 12 இலக்கக் குறியீடு வேண்டும். பிள்ளை பிறந்தால் மைகிட் எடுப்பது மாதிரி. முதலில் நாட்டுக் குறி, பிறகு பதிவாளர் குறி, ஆண்டு, கடைசியில் வரிசை எண். 2003இல் மாமாவின் தட்டுக்கு அப்படி எதுவும் போடவில்லை. குறியீடு இல்லாத பதிவு ஒலித்தால் அது யாருடையது என்று கணினிக்குத் தெரியாது. அப்புறம் பெயர். இதுதான் நம் ஆட்களை அடிக்கும் இடம். கிருஷ்ணன் என்ற ஒரே பெயரை அடையாள அட்டை எழுதியவர் தன் காதில் விழுந்தபடி எழுதியதில் ஒரே லயத்தில் நான்கு எழுத்துக்கூட்டல் இருக்கும். அட்டையில் ஏ/எல் என்று நடுவில் அப்பா பெயர் வரும். வங்கிக் கணக்கில் அது வேறு மாதிரி இருக்கும். தட்டின் அட்டையில் மேடைப் பெயர். இவற்றில் எது கலைஞர், எது அப்பா என்று லாஸ் ஏஞ்சலிஸிலோ லண்டனிலோ உட்கார்ந்திருக்கும் கணினி எப்படிக் கண்டுபிடிக்கும்? உரிமை கோரப்படாத தொகையைச் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு அந்தத் தொகைக்கு உரியவருக்காகக் காத்திருக்கும் கட்டாயம் இல்லை. தோட்டத்தில் கூலி நாளன்று வராதவன் பெயருக்கு நேரே போடும் குறி ஞாபகம் வருகிறது.

இதெல்லாம் தோட்டத்துப் பாடகர்களின் அறியாமை, படித்த பிள்ளைகளுக்கு இப்படி நடக்காது என்று நினைத்தால், 'எஞ்சாய் எஞ்சாமி'யைப் பார்க்க வேண்டும். 2021 மார்ச்சில் வெளிவந்த அந்தப் பாட்டைச் சில மாதங்களில் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பாடியவர்கள் தீயும் அறிவும். இசை சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது மாஜா என்ற நிறுவனம். சுயாதீனக் கலைஞர்களுக்கான மேடை என்ற அறிவிப்போடு, ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவோடு வந்தது. பாட்டின் ஊற்று அறிவின் பாட்டி வள்ளியம்மாள், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். நம் வீட்டுப் பாட்டிகளின் கதை. பாட்டு வந்த முதல் வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு அதைத்தான் அனுப்பினார்கள். என் அம்மா மூன்று முறை கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள்.

முதல் சண்டை பெயரைப் பற்றி வந்தது. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அறிவு இல்லை. 2022இல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தது, மேடையில் அறிவு இல்லை. அதன் பிறகு அவர் பாட்டின் மேல் தன் உழைப்பு என்ன என்பதை வெளிப்படையாக எழுதினார். மற்ற இருவரும் தங்கள் தரப்பை எழுதினார்கள். வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் அப்போது சொல்லப்பட்டது.

இரண்டாவது சண்டை காசைப் பற்றி. 2024 மார்ச்சில், பாட்டுக்கு மூன்று வயது ஆனபோது, சந்தோஷ் நாராயணன் ஒரு காணொளியில் தங்கள் மூவருக்கும் அதிலிருந்து இதுவரை ஒரு காசுகூட வரவில்லை என்றார். ரஹ்மானும் இதில் பாதிக்கப்பட்டவர்தான் என்று தனியாகச் சொன்னார். நிறுவனம் அவர் சொன்னதை ஏற்கவில்லை, தன் பக்க விளக்கத்தை வெளியிட்டது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. எனக்கு உறைத்தது வேறு. சமப் பங்கு என்று மூன்று பேர் ஒத்துக்கொள்வது ஒரு காரியம், பங்கு போட முதலில் தொகை கையில் வந்து சேர்வது இன்னொரு காரியம். பதிவைச் சமர்ப்பித்தவர் வழியாகத்தான் தொகை வரும் என்றால் சமப் பங்கு அந்த வாசலிலேயே நின்றுவிடும். நிகழ்த்துநர் பங்கை நேராகக் கொடுக்கச் சொன்ன அந்த 45 விழுக்காட்டு வாசகம் ஏன் பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது சட்டப் புத்தகத்தால் அல்ல, இந்தப் பாட்டால்தான். நிலம் இழந்தவர்களைப் பற்றிய பாட்டு. அதற்கு இப்படி ஆனது.

இங்கே கோலசிலாங்கூர் வட்டாரத்துக்கு இதில் ஒரு பழைய பங்கு உண்டு. பத்தாங் பெர்ஜுந்தைக்கு, இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு, அருகில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டார். தென்னமரம் என்று பேர் வைத்துவிட்டுச் செம்பனை நட்டது தனிக் கதை. அவர் பின்னாளில் இந்த வாழ்க்கையை வைத்து 'மலேசி' என்ற நாவலை எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு வாங்கினார். நல்ல நாவல், குறைசொல்ல மாட்டேன். அதில் மலாய்ப் பந்துன்கள் வருகின்றன. பந்துனைக் கட்டியவர்களுக்குப் பெயரும் இல்லை, பங்கும் இல்லை. நம்முடைய தோட்டப் பாட்டுகளுக்கும் அப்படித்தான். பிரட்டுக்குப் போகும் வழியில், பால் காத்திருக்கும் நேரத்தில் பாடிய பாட்டுகளின் மெட்டுகள் பின்னால் திருவிழா மேடைக்கு வந்து, அங்கிருந்து தட்டுக்கு வந்தன. மாமாவின் தட்டில் இரண்டு பாட்டு அவருடைய அம்மா பாடியது. அட்டையில் 'பாரம்பரியம்' என்று போட்டிருக்கிறார்கள். சட்டப்படி அது சரிதான்.

சின்னப் பாடகர்களுக்கு ஒரு புது அடி 2024இல் விழுந்தது. ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவுக்கான ராயல்டிக் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை என்று ஸ்போட்டிஃபை வைத்துவிட்டது. அப்படி மிஞ்சும் தொகை ஆயிரத்தைத் தாண்டியவர்களின் குளத்துக்குப் போகும். ஒரு பாட்டுக்குச் சில காசுதான், எப்படியும் வங்கிக்கே வந்து சேராது என்பது அவர்கள் நியாயம். அது உண்மையும்கூட. ஆனால் எனக்குத் தெரிந்த பையன்கள், சுங்கை பெசாரிலும் தஞ்சோங் காராங்கிலும் படுக்கையறையில் மெத்தையைச் சுவரில் சாத்தி வைத்துப் பதிவு செய்கிறவர்கள், ஒரு பாட்டுக்கு எழுநூறு, எண்ணூறு என்றுதான் எட்டுகிறார்கள். முன்பெல்லாம் ஒட்டுப்பாலைத் தனியாகச் சேர்த்து எடைக்குப் போடுவோம். மங்கில் ஒட்டியது, மரத்தில் வழிந்து காய்ந்தது எல்லாம். அதற்கும் ஒரு விலை இருந்தது.

அந்தப் பையன்களிடம் நான் சொல்வது ரொம்பச் சாதாரணம். பாட்டை ஏற்றும் முன்னால் யார் எழுதியது, யார் மெட்டு, யார் வாசித்தது, யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரே தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டலையே எல்லா இடத்திலும் வையுங்கள். மைஐபோவில் தன்விருப்ப அறிவிப்பு என்று ஒன்று 2012இலிருந்து இருக்கிறது, கட்டணம் கட்டிப் பதிந்து வையுங்கள், பின்னால் சாட்சிக்கு ஆகும். எழுதினவராக மாக்ப்பில், பாடினவராக ஆர்பிஎம்மில் என்று இரண்டு இடத்திலும் சேருங்கள், ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது. பாதிப் பேர் தலையாட்டுவார்கள். அண்ணா, முதல்ல பாட்டு ஹிட்டாவட்டும் என்பார்கள். ஹிட்டான பிறகு அந்தத் தாளில் கையெழுத்து வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். பாட்டை ஏற்றியவர் யார் என்று தேடினோம். விநியோகம் செய்ததாக ஒரு பெயர் இருந்தது, எங்கள் இருவருக்கும் தெரியாத பெயர். மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு முறை. பதில் இல்லை. பதிவின் உரிமை மாமாவுடையது என்று நிறுவ அந்தக் கையெழுத்தின் நகல் வேண்டும். அது இல்லை. அவரிடம் மீதமிருந்த தட்டு ஒன்று, அட்டையோடு, பிளாஸ்டிக் உறை மஞ்சளாகிப்போய்க் கிடைத்தது. ஸ்டூடியோ ரசீது ஒன்று மாமியின் பூஜை அலமாரியில், பழைய ஈபிஎஃப் காகிதங்களுக்கு இடையில் இருந்தது. அதில் மாமாவின் பெயரும் தேதியும் இருந்தன. கொஞ்சம் நம்பிக்கை வந்தது. உரிமையாளர் சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும், நிகழ்த்துநராக முதலில் பதிந்துகொள்வோம், அதற்கு யார் தயவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

போன மாதம் அவர் வீட்டில் உட்கார்ந்து பாரம் நிரப்பினோம். தாமான் வீடு. பின்பக்கம் கால்வாய், அதற்கப்பால் நெல். பாடியவர் என்ற இடத்தில் மாமா பெயர். எந்தப் பாட்டில் யார் என்ன வாசித்தார்கள் என்று தனித்தனியாகக் கேட்டேன். ஆர்மோனியம் வாசித்தவர் இப்போது மகளோடு ஷா ஆலாமில். தபேலாக்காரர் இறந்துவிட்டார், மனைவி இருக்கிறார், எண் இருக்கிறது. பின்னால் பாடிய இருவரில் ஒருவர் மாமாவின் தம்பி.

"உருமி?"

மாமா யோசித்தார்.

"அவரு வந்து... ராசா மூசா பக்கத்துலேர்ந்து வருவாரு. உருமி அண்ணன்னுதான் கூப்புடுவோம். ரெண்டு நாளு வந்து வாசிச்சாரு. காசு குடுத்தோம், வாங்கிக்கிட்டாரு."

"பேரு மாமா?"

உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். மாமி அடுப்படியிலிருந்து வந்து, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றார். அவருக்கும் உருமி அண்ணன்தான். யாருக்காவது தெரியும், கேட்டுச் சொல்கிறேன் என்றார் மாமா. அந்த வரியை மட்டும் பென்சிலால் வட்டம் போட்டு விட்டுவிட்டு, அடுத்த பாட்டுக்குப் போனோம்.